சேற்றில் எங்கள் கூட நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

சுங்கை ஆச்சே சதுப்புக் கரையில் அலையாத்திக் கன்று நடப் போன எங்கள் வாசகர் வட்டத்துக்குத் துணைநின்ற எல்லாருக்கும் இந்த மடல்.

முதலில் பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தாருக்கு. 1997 முதல் இந்தக் கரைகளில் நட்டு வருகிறவர்கள். அன்று எங்களுக்காகக் கடலுக்குப் போகாமல் நின்ற பாக்சிக்குகளுக்கு (மலாய்ப் பெரியவர்களுக்கு) ஒரு நாள் வரும்படி போயிற்று. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாக்காவ் என்ற அலையாத்தி வகையின் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்குகிறது. ஊன்றுவது எளிது, இடம் பார்ப்பதில்தான் வித்தை. ரொம்பத் தாழ நட்டால் அலை பிடுங்கிவிடும், கடல்நீர் ஏறாத மேட்டில் நட்டாலும் தேறாது. எங்கள் ஆட்கள் ஊன்றிய பலவற்றை பாக்சிக்குகள் சத்தமில்லாமல் பிடுங்கி, சரியான இடத்தில் நட்டார்கள்!

அந்த வேர்களுக்குள் வளரும் இறாலும் நண்டும் யார் வலையில் விழும் என்று சொல்ல முடியாதே, பிறகு ஏன் இந்தப் பாடு என்று கேட்டோம். "இங்கே வளர்ந்ததைப் பக்கத்துக் கம்போங்காரன் பிடிப்பான், அவன் நட்டது எனக்கு வரும்" என்றார் ஒரு பாக்சிக். ஒருவர் நடாமல் பிடிக்க மட்டும் வந்தால்? "எல்லாருக்கும் தெரியும்" என்றார், அவ்வளவுதான்.

பேருந்தில் உத்திரமேரூர்க் கதை சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கும் நன்றி. கி.பி. 921இல், பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு அது. ஊர் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், அதற்குக் குடவோலையில் 6 பேர். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். நம் கோயில் கமிட்டிகளுக்கும் இதைக் கொண்டுவரலாமே என்று பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது. ஐயா சிரித்ததோடு சரி.

இறால் சம்பால் சமைத்து, சைவக்காரர்களுக்குத் தனிச் சட்டியில் காங்கோங் கீரை வதக்கிய மக்சிக்குகளுக்கும் (மலாய் அம்மாக்களுக்கும்), இருக்கையெல்லாம் சேறானதைப் பார்த்தும் முகம் சுளிக்காத ஓட்டுநர் அண்ணனுக்கும் நன்றி.

அப்புறம், அடுத்த முறை வருகிறவர்கள் செருப்போடு இறங்க வேண்டாம், சேறு திருப்பித் தராது. பழைய காலுறையை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட நண்பர்கள்,
பட்டர்வொர்த்