அவனே சொல்லட்டும்

அன்புள்ள அம்முவுக்கு,

தினமும்தான் போனில் பேசுகிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன்னிடம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்ல முடிவதில்லை. நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது, இல்லையென்றால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய்.

குட்டிக்கு மைக்ரேன் தலைவலி என்று டாக்டர் சொன்னதிலிருந்து "என்னாலதாம்மா அவனுக்கு வந்துச்சு" என்று அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாய். அப்படிப் பார்த்தால் உனக்கு என்னால் வந்தது, எனக்கு ஆச்சியால் வந்தது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, சுக்கை உரசிப் பற்றுப் போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பாள் ஆச்சி. குடும்பத்தில் ஓடுகிற வியாதி இது. மூக்கு யார் ஜாடையில் வந்தது என்று யாராவது அழுவார்களா?

உனக்கு வலி தெரியும். வலியில் கிடக்கிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வேறு வேலை. அதில் நான் பழகினவள், அதனால் சொல்கிறேன்.

உன் அத்தை, "திங்கக்கிழமை காலையில மட்டும் வருது, லீவுல வரமாட்டேங்குது, மட்டம் போடப் பாக்கான்" என்கிறார்களாம். கோபப்படாதே. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இந்த சாலில், நம் வரிசை வீடுகளில், பாதிப் பேர் அதையேதான் சொன்னார்கள். சனி ஞாயிறு பதினொரு மணிவரை முழித்திருந்துவிட்டு வெயில் ஏறி எழுகிற பிள்ளையைத் திங்களன்று ஆறு மணிக்கு உலுக்கி எழுப்பி, அரை டம்ளர் பாலோடு வேனில் ஏற்றினால் வராமல் என்ன செய்யும்? தூக்க நேரம் மாறினால் வரும், சாப்பாடு தள்ளிப்போனால் வரும். லீவில் குறைவதற்கும் அதுதான் காரணம். லீவு நாளிலும் படுக்கிற நேரம், எழுகிற நேரம் மாறாமல் பார்த்துக்கொள். காலையில் ஒரு தோசையாவது உள்ளே போகட்டும். அத்தையிடம் இன்னொன்றும் சொல். குழந்தைகளுக்குப் பெரியவர்களைப் போல ஒரு பக்கமாகத்தான் வலிக்கும் என்று இல்லை, நெற்றி முழுக்க வலிக்கலாம். இரண்டு மணி நேரத்திலேயே விட்டும் போகலாம். வாந்தி எடுத்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் காலையில் நடித்தான் என்கிறார்கள்.

இனி உன் விஷயம். வீடியோ காலில் கவனித்தேன். பேசி முடிப்பதற்குள் எத்தனை தடவை "தலை வலிக்குதாடா" என்று அவனைக் கேட்டாய்! வலிக்காத பிள்ளையும் அப்படிக் கேட்டால் வலிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். கேட்காதே. முகம் வெளுக்கும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், காரணமில்லாமல் சிடுசிடுப்பான், வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்புவான். உனக்கே தெரிந்துவிடும். தெரிந்தாலும் அவன் வாயால் சொல்லட்டும். சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் நம்பு, "நிஜமாவா?" என்று மட்டும் கேட்டுவிடாதே. பள்ளிக்கூடத்தில் நீ இருக்கமாட்டாய், அங்கே டீச்சரிடம் அவன்தான் சொல்லியாக வேண்டும். தினசரிக் காலண்டர் தாளில் வலி வந்த நாளுக்கு அவனே ஒரு கோடு போடட்டும். முந்தின நாள் என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான் என்று நீ பின்பக்கம் எழுது. டாக்டருக்கு அது போதும்.

மாத்திரைக்கு வருவோம். இத்தனை வருஷம் மெடிக்கல் கவுண்டரில் நின்றவள், இதையாவது கேள். பயந்துகொண்டு பாதி மருந்து கொடுக்கிறாய், அதுவும் வாந்தி எடுத்த பிறகு. ஐபுப்ரோஃபென் என்றால் வழக்கமாக ஒரு தடவைக்கு எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், பாராசிட்டமால் என்றால் 15. உங்கள் டாக்டர் எழுதியிருப்பது அந்தக் கணக்குதான். அவன் சொன்ன உடனே முழு அளவைக் கொடு. ஆறப்போட்டால் வயிறு மருந்தை ஏற்காது. ஆனால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரிடம் போ. தினம் வலி மாத்திரை வாங்கி, அந்த மாத்திரையாலேயே தினம் தலைவலி வந்தவர்களை என் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் காய்ச்சலோடு தலைவலி என்றால் டெங்குவாக இருக்கலாம், அப்போது ஐபுப்ரோஃபெனையும் தொடாதே.

வலி வராமல் தடுக்கிற தினசரி மாத்திரை ஆரம்பிக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். 2017-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு அமிட்ரிப்டிலின், ஒன்றுக்கு டோபிராமேட் என்ற தடுப்பு மாத்திரைகள், ஒன்றுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நன்றாகக் குறைந்தது. வெறும் மாத்திரையை மற்ற இரண்டாலும் மிஞ்ச முடியவில்லை. மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது டாக்டர் முடிவு. ஆனால் அவசரம் வேண்டாம்.

இருட்டறையில் படுக்க வையுங்கள் என்று டாக்டர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தாராவியில் நமக்கு இருந்ததே ஒரே அறை. அதில்தான் அடுப்பு, அதில்தான் குளிக்க, பாத்திரம் கழுவ மோரி, அதில்தான் அப்பாவின் நைட் ஷிப்ட் தூக்கம். கட்டிலுக்கு அடியில் பாயை விரித்து, சுற்றிலும் அப்பாவின் லுங்கியையும் கம்பளியையும் தொங்கவிடுவேன். நீயே ஊர்ந்து உள்ளே போய்விடுவாய். பழைய வேட்டியைக் கிழித்துப் பானைத் தண்ணீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து நெற்றியில் போட வேண்டும். சொட்டுச் சொட்டாகக் காதுக்குள் இறங்கினால் உனக்கு ஆகாது. வாந்திக்கு அகலமான எவர்சில்வர் கிண்ணம், அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் கழுவச் சுலபம். கம்பளி தொங்குவதைப் பார்த்தாலே பக்கத்து வீட்டு மராட்டி அக்கா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவாள். கதவைத் தட்டி நான் கேட்டதே இல்லை. தைலம் மட்டும் தேய்க்க மாட்டேன். அமிர்தாஞ்சன் பிறந்ததே இந்த பம்பாயில்தான், 1893-ல். அதற்காக? அந்த வாசனைக்கே உனக்குக் குமட்டும். குட்டிக்கு எப்படி என்று பார்த்துக்கொள். சாம்பிராணியையும் அன்றைக்கு நிறுத்தி வை. உன் வீட்டில் தனி அறையும் கனத்த திரையும் இருக்கின்றன. அங்கே படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து உன் வேலையைப் பார், வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்க்காதே.

பள்ளிக்கூடத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடு. மாத்திரை போட்டு அரை மணி நேரம் படுத்துவிட்டு, சரியானால் வகுப்புக்குத் திரும்பட்டும். உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

சிலதற்கு மட்டும் காத்திருக்காதே. திடீரென்று இதுவரை இல்லாத அளவு வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காலையில் எழுந்ததும் திரும்பத் திரும்ப வாந்தி, தலையில் அடிபட்ட பிறகு வருவது. இதில் எது என்றாலும் நேராக ஆஸ்பத்திரிதான்.

கணபதிக்கு வருகிறோம் என்றாய். வேண்டாம், டோல் தாஷா மேளச் சத்தத்துக்கு எந்தக் கம்பளியும் தாங்காது. நவராத்திரிக்கு ஸ்பீக்கர், தீபாவளிக்கு வெடி, இந்த ஊரில் அமைதியான மாசமே கிடையாது. இருக்கிறதில் டிசம்பர் லீவு பரவாயில்லை. உத்யான் எக்ஸ்பிரஸில் போடு, கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க ஓடுகிற வண்டி, ரயில் சாப்பாட்டை நம்பாமல் புளிச்சோறும் இட்லியும் கட்டிக்கொள். குட்டிக்கு ஜன்னல் பக்கம் வெயில் படாத சீட்டாகப் பார். மாத்திரைச் சீட்டு உன் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா