பட்டினி மட்டும் கிடக்காதே, தம்பி

பேரையூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனை வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. சுகர் வந்துவிட்டது என்று சொன்னாயே, அதற்காக இல்லை. உன் தாத்தாவுக்கு இருந்தது, எனக்கு 11 வருஷமாக இருக்கிறது, உனக்கும் வரலாம் என்ற பயம் எப்போதும் உண்டு. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன், சோற்றுப் பக்கமே போவதில்லை, வெறும் ஓட்ஸ்தான் என்றாய். அதுதான் நெஞ்சை அடைக்கிறது.

உன்னிடம் ஒன்றை மறைத்திருந்தேன். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, அங்கே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கை கால் வெடவெடவென்று நடுங்கியது. வேர்வையில் சேலை நனைந்துவிட்டது. எதிரே நின்ற பஸ்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்றே புரியவில்லை. பூ விற்கிற ஒரு அம்மாதான் பார்த்துவிட்டு, டீக்கடையில் சர்க்கரைத் தண்ணீர் வாங்கி வந்து குடிக்க வைத்தாள். அவள் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ.

நீயோ நாள் முழுக்க வேன் ஓட்டுகிறவன். சில மாத்திரைகள் வயிறு காலியாக இருந்தாலும் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். உனக்குக் கொடுத்திருப்பது அந்த வகையா என்று டாக்டரிடம் முதலில் கேள். வண்டியில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள். படபடப்பு வந்தால் உடனே ஓரம்கட்டி, மெஷினில் விரலைக் குத்திச் சர்க்கரை எவ்வளவு என்று பார். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை குடி. ஏறின பிறகு ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

அப்புறம், சோறு. நம் வீட்டில் சோறு குவியலாக இருக்கும், வெஞ்சனம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படிப் போட்டுப் பழக்கியவள் நான்தான். அதை மாற்றினால் போதும், சோற்றை விடவே வேண்டாம். தட்டில் பாதி காய், கால்வாசி பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால்வாசிதான் சோறு. காயை முதலில் சாப்பிடு, முட்டையையும் மீனையும் அதோடு முடி, சோற்றைக் கடைசியில் எடு. நானே குத்திப் பார்த்தேன். தக்காளிச் சோறு மட்டும் சாப்பிட்ட அன்று இரண்டு மணி நேரம் கழித்து 236. அவரைக்காய்ப் பொரியலையும் முட்டையையும் முன்னால் சாப்பிட்டு, சோற்றை இரண்டு கரண்டியோடு நிறுத்தின அன்று 172. எனக்கு 180-க்குள் இருந்தால் நல்லது என்றார் டாக்டர். உனக்கு எவ்வளவு என்று உன் டாக்டரைக் கேட்டுக்கொள்.

நான் ஏமாந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல் என்று மூன்று வருஷம் கருப்பட்டிக் காப்பி குடித்தேன். கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாமே சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். கேப்பைக் கூழ் நல்லது என்று சொம்பு சொம்பாகக் குடித்தேன், அதிலும் ஏறியது. மாவாக அரைத்துக் காய்ச்சினதைக் கரைத்துக் குடித்தால் சீக்கிரம் செரித்துவிடும். முழுத் தானியமாகச் சமைத்துக் குழம்போடு மென்று சாப்பிடுகிறபோது மெதுவாகத்தான் ஏறும். அதையும் அளந்துதான் சாப்பிட வேண்டும். நம் பக்கத்து மானாவாரிக் காட்டில் குதிரைவாலி விளையும்போது உன் அப்பத்தா மொச்சைக் குழம்போடு போடுவாளே, ஞாபகம் இருக்கிறதா?

அங்கே மெஸ்ஸில் குபூஸ் என்கிற அரபு ரொட்டிதான் போடுகிறார்கள் என்றாய். அதுவும் பரோட்டா மாதிரி மைதாதான். ஒன்றோடு நிறுத்திவிட்டு, வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் நிறைய எடுத்துக்கொள். சர்க்கரை போடாத மோர் குடி. ஜூஸ் வேண்டாம். கொய்யாப்பழம் கிடைத்தால் அப்படியே கடித்துச் சாப்பிடு. பேரீச்சம்பழம் கையில் கொடுத்தால் ஒன்று போதும். சாப்பிட்டதும் படுத்துவிடாமல் பத்து நிமிஷமாவது நட.

ரூமில் யாருக்கும் தெரியக் கூடாது என்று மாத்திரையை ஒளித்து வைத்திருக்கிறாயாமே, உன் பெண்டாட்டி சொல்லி அழுதாள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு வந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, ராசா? உனக்குத் தலை சுற்றினால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கத் தெரிந்த ஒரு ஆளாவது ரூமில் இருக்க வேண்டும். இன்றைக்கே ஒருத்தரிடம் சொல்.

லீவில் வரும்போது மதுரையில் அரவிந்த் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைப் பார்த்துவிடலாம். சர்க்கரை இருப்பவர்கள் வருஷம் ஒரு தடவை கட்டாயம் கண்ணுக்குள் இருக்கிற விழித்திரையைப் பார்க்க வேண்டும். ஜிகர்தண்டா கேட்பாய், தெரியும். ஒரு கிளாஸ் வாங்கி நாம் மூன்று பேரும் பகிர்ந்துகொள்ளலாம்.

உன் மாமா மகன் அடுத்த வாரம் அங்கே திரும்புகிறான். மூன்று கிலோ குதிரைவாலியும் ஒரு கிலோ கருப்புக் கொண்டைக்கடலையும் கொடுத்துவிடுகிறேன். கடலையை ராத்திரியே ஊறப் போட்டுவிடு.

இன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகுதான் நான் படுப்பேன்.

அம்மா