சுண்ணாம்புப் பக்குவம் கேட்டாயே, கோமதி

கல்லிடைக்குறிச்சி,
ஐப்பசி 18

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. படித்ததுமே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ கடைசியில் கேட்டிருந்த விஷயத்துக்கு அவசரமாக இரண்டு வரி எழுதி அனுப்ப மனசு வரவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டேன். இன்று காலையிலிருந்து மழை. வாய்க்காலில் தண்ணீர் நிறைய வருகிறது, பிசானத்துக்கு நாற்று பாவி முடித்தாயிற்று, வயலுக்குப் போன இவரும் நனைந்து திரும்பி வந்து தூங்குகிறார். வீட்டில் சத்தமே இல்லை, இப்போதுதான் எழுத வாய்த்தது.

பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமானதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. தை மாதம் என்றால் இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. பம்பாயிலிருந்து நீங்கள் வந்து இறங்குவதற்கு முன்னாலேயே உங்கள் பூட்டிக் கிடக்கிற வீட்டைத் திறந்து வெள்ளையடித்து வைக்க ஆள் சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

சரி, மச்சத்துக்கு வருகிறேன். உன் மகள் மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிற மச்சம் போட்டோவில் தெரிகிறது, மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள், "உங்க ஆச்சி சுண்ணாம்பு வைத்து எடுப்பாங்களே, அந்தப் பக்குவத்தை எழுது" என்கிறாய். எனக்கு அது தெரியும் கோமதி, ஈர்க்குச்சி நுனியில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது வரை தெரியும். ஆனால் எழுத மாட்டேன்.

என் இடது கன்னத்தில் இருக்கிற தழும்பு எண்ணெய் தெறித்து வந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன் இல்லையா, அது பொய். நீ கல்யாணமாகிப் பம்பாய் போன மறு வருஷம், 1988-ல், என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஆச்சி அந்த இடத்தில் இருந்த மச்சத்தில் சுண்ணாம்பு வைத்தாள். வெறும் சுண்ணாம்பு இல்லை, அதில் சலவை சோடாவைக் குழைத்து வைத்தாள். வைத்த உடனே ஒன்றும் தெரியவில்லை, லேசாகக் குறுகுறுத்தது அவ்வளவுதான், அதனால் காயட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு நான் மாவாட்டப் போய்விட்டேன். ராத்திரிதான் எரிய ஆரம்பித்தது. விடிவதற்குள் அந்த இடம் வெந்து குழியாகிவிட்டது. ஒன்றரை மாதம் ஆயிற்று ஆறுவதற்கு. பெண் பார்க்க வந்தவர்கள் வந்த வேகத்தில் போனார்கள். உனக்கு எழுதும்போது ஆச்சியைக் காட்டிக் கொடுக்க மனசு வராமல்தான் எண்ணெய் என்று எழுதினேன்.

ஏன் அப்படி ஆயிற்று என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த என் அண்ணன் மகன் இருக்கிறானே, அவன்தான் விளக்கினான். சுண்ணாம்போடு சலவை சோடா சேர்ந்தால் உண்டாவது காஸ்டிக் சோடா, அத்தை, ஆப்ப சோடா சேர்த்தாலும் அதே கதைதான் என்றான். ஆசிட் பட்டால் மேல்தோல் கெட்டியாகி ஓரளவு தடுத்துவிடும், காஸ்டிக் சோடா மாதிரிக் காரம் அப்படி நிற்காது, சதையைக் கூழாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும், வலியும் பிந்தித்தான் தெரியும் என்று அவன் சொன்னபோது அந்த ராத்திரி அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம் இன்னொன்றும் சொன்னான். சித்த மருத்துவத்தில் காரம் வைக்கிற சிகிச்சை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதைப் படித்தவர்கள் முதலில் அது என்ன நோய் என்று பார்ப்பார்கள், பார்க்காமல் கை வைக்க மாட்டார்கள் என்றான்.

ஆச்சியைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நம் தெருவில் பாதிப் பேருக்கு மருவையும் பாலுண்ணியையும் அவள்தானே எடுத்தாள், அதில் நிறைய உண்மையாகவே உதிர்ந்தும் போயிற்று. மருவுக்கு வைக்கிறதை மச்சத்துக்கும் வைத்தாள், அங்கேதான் தப்பு. நம் பக்கத்தில் தோலில் முளைத்த எல்லாவற்றுக்கும் ஒரே பேர், ஒரே வைத்தியம். மரு வைரஸால் வருவது. ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தொற்றும், பிளேடால் கீறினால் பக்கத்திலேயே இன்னும் நாலு முளைக்கும். மச்சம் தொற்றாது. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்திருப்பதுதான் மச்சம். கழுத்திலும் அக்குளிலும் காம்பு வைத்த மாதிரித் தொங்குகிறதே, அது இரண்டும் இல்லை, வெறும் சதை.

ஆறாம் வகுப்பில் உன் விரலெல்லாம் மருவாக இருந்தது ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடச் சுவரோரம் அம்மான் பச்சரிசியைக் கிள்ளிக் கிள்ளி நான்தான் உனக்குப் பால் வைத்துவிடுவேன். உங்க அம்மா சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப் போய் உப்பும் மிளகும் போட்டு, புற்றுமண்ணைப் பூசிவிட்டார்கள். அடுத்த ஆடித்தபசுக்கு முன்னாலேயே ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டது. கோமதியம்மன் பேரை வைத்திருக்கிறவளுக்கு அம்மன் செய்ததாகத்தான் இன்றைக்கும் நான் நினைக்கிறேன். டாக்டர் சொல்வது என்னவென்றால், பிள்ளைகளுக்கு வருகிற மருவில் மூன்றில் இரண்டு பங்கு எதுவும் செய்யாமலே இரண்டு வருஷத்துக்குள் போய்விடுமாம், உடம்பே அந்த வைரஸைக் கண்டுபிடித்துத் துரத்திவிடுமாம். அது மருவுக்கு. மச்சம் அப்படிப் போகாது, போக வைக்கிறேன் என்று பாலை வைத்தால் புண்தான் மிஞ்சும். அம்மான் பச்சரிசிக் குடும்பத்திலேயே வேறொரு செடியின் பாலிலிருந்து ஒரு மருந்தைப் பிரித்துக் களிம்பாக்கி, வெயில் பட்டுத் தோலில் வருகிற திட்டுக்குப் போட 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். போட்ட இடத்தில் தோல் புற்று வருமோ என்ற கவலையில் 2020-ல் ஐரோப்பாவில் அதை நிறுத்திவிட்டார்கள். அளவெடுத்துச் சோதித்துச் செய்த மருந்துக்கே அந்த நிலைமை. பிள்ளையின் மூக்கோரத்தில், கண்ணுக்கு இரண்டு விரல்கடை தூரத்தில், எருக்கம்பாலையோ முந்திரிக்கொட்டை எண்ணெயையோ வைக்க யாராவது சொன்னால் தயவுசெய்து காது கொடுக்காதே. கொட்டை உடைக்கிற பெண்கள் கையைப் பார்த்திருக்கிறாய்தானே, அந்த எண்ணெய் முகத்தில் பட்டால் என்ன ஆகும்? பூண்டை நசுக்கி வைத்துக் கட்டுவது, எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் நிற்பது, ஊதுபத்தியால் சுடுவது, எல்லாமே தோலைப் பொசுக்குகிற வேலைதான். எலுமிச்சை சாதுவாகத் தெரியும், வெயில் சேர்ந்தால் கொப்புளம் போட்டுக் கறுத்துவிடும்.

இன்னும் முக்கியமானது இருக்கிறது, அதைத்தான் நாலு நாளாக எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆச்சி எடுத்த மச்சம் முழுசாகப் போகவில்லை. ஆறே மாதத்தில் தழும்புக்கு நடுவே கறுப்பாகத் திரும்ப எட்டிப் பார்த்தது. வேர் உள்ளே இருக்கிறது என்று ஆச்சி சொன்னாள், அது ஒரு வகையில் சரிதான், அடியில் தங்கிய செல்கள் மறுபடி நிறத்தைக் கொண்டுவந்துவிட்டன. பவுடர் போட்டு மறைத்துக்கொண்டு இத்தனை வருஷத்தை ஓட்டினேன். நாலு வருஷத்துக்கு முன் அது அரிக்க ஆரம்பித்ததும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போனேன். அந்த டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இதில் எப்பவாவது ஏதாவது வைத்தீங்களா?" சொன்னேன். அவர் முகம் மாறியது. தழும்புக்குள் திரும்ப வந்த மச்சம் கோணல்மாணலாக, நிறம் கலைந்து, பார்க்கப் புற்று மாதிரியே இருக்குமாம், மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவர்களுக்கே சில சமயம் குழப்புமாம், அதனால் வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்றார். முடிவு வருகிற வரை நான் ஒரு வேளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இவரிடம்கூடச் சொல்லவில்லை. சாதாரண மச்சம்தான் என்று வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, சுண்ணாம்பு தோலைப் பொசுக்கியது ஒரு பக்கம், அது என்ன மச்சம் என்று பார்க்க வேண்டிய சாட்சியையும் சேர்த்துப் பொசுக்கிவிட்டது.

எங்கள் சித்தப்பாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி. உடைமுள் குத்தி ஒடிந்து உள்ளே நிற்கிறது என்று எருக்கம்பால் விட்டார், உப்பு ஒத்தடம் கொடுத்தார். அப்புறம் ஒரு மருந்துக் கடையில் கேட்டுக் கால் ஆணிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வாங்கி ஒட்டினார். அது புண்ணாகி ஒரு வருஷம் ஆறவே இல்லை, அரையில் நெறி கட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மெலனோமா என்றார்கள், மச்சப் புற்று. எட்டே மாதம். நம்மைப் போல நிறமுள்ளவர்களுக்கு அது அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வருகிறது, அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஜமைக்காவைச் சேர்ந்த பாப் மார்லி என்ற பாடகரும் இப்படித்தான் போனாராம், என் மகன் சொன்னான். கால் பெருவிரல் நகத்துக்குக் கீழே வந்ததைப் பந்து விளையாடியபோது பட்ட அடி என்று நினைத்திருக்கிறார், 1977-ல் என்னவென்று தெரிந்தது, 1981-ல் 36 வயதில் இறந்துவிட்டார்.

உன்னைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பிள்ளையின் மச்சம் பிறந்ததிலிருந்து அப்படியே இருக்கிறது என்றால் பயப்பட அதில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் ஒருமுறை வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார். நடுவில் கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒத்திருக்கிறதா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, ஒரே நிறமா இல்லை கறுப்பும் பழுப்புமாகக் கலந்திருக்கிறதா, 6 மில்லிமீட்டருக்குள், அதாவது பென்சிலின் பின்பக்க ரப்பரை வைத்தால் மறைகிற அளவுக்குள் இருக்கிறதா என்று பார். எல்லாவற்றையும் விட, சமீபத்தில் வளர்ந்ததா, அரித்ததா, ரத்தம் கசிந்ததா என்று அவளிடமே கேள். ஏதாவது ஒன்று உண்டென்றால் கல்யாண வேலையை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள்.

எடுக்கவே வேண்டும் என்றாலும் அவரிடமே போங்கள். மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள், அரை மணி நேரம்கூட ஆகாது, தையல் போட்டால் முகத்தில் ஐந்து முதல் ஏழு நாளில் பிரித்துவிடுவார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பச் சொல், அதை மறக்காதே. காயம் ஆறினாலும் சிவப்பு மங்கக் கொஞ்ச காலம் பிடிக்கும், அதனால் செய்வதானால் இந்த மாதத்துக்குள் செய், மார்கழியில் ஊருக்கு வந்த பிறகு வேண்டாம். பியூட்டி பார்லரில் மெஷின் வைத்துச் சுடுகிறேன் என்பவர்களிடம் விடாதே, அவர்களுக்கும் ஆச்சிக்கும் வித்தியாசம் இல்லை. போனில் ஆர்டர் போட்டால் வருகிற களிம்பும் வேண்டாம். மச்சம் எடுக்க என்று கடையில் விற்க எந்த மருந்துக்கும் அனுமதி கிடையாது என்று அமெரிக்க அரசு 2022-ல் விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது.

இன்னொன்று. அண்ணாச்சி கழுத்தில் நிறைய முளைத்திருக்கிறது, முடி கட்டி எடுக்கிறார் என்று எழுதியிருந்தாய். முடியைக் கட்டினால் சில சமயம் விழும்தான், சில சமயம் சீழ் வைக்கும். நான் கேட்பது வேறு. அவர் பிடரி கறுத்து, தடித்துப் போயிருக்கிறதா? அப்படியிருந்தால் முதலில் சர்க்கரை பார்க்கச் சொல். போன தடவை பார்த்தபோதே வயிறு போட்டிருந்தது, ராத்திரி அடிக்கடி எழுந்திருக்கிறார் என்றும் நீயே சொன்னாய். கழுத்தில் தொங்குகிற சதைக்குக் கவலைப்படுகிற நேரத்தில் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடட்டும்.

ஏட்டி, கடைசியாகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பிள்ளை என்ன சொல்கிறாள்? உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மாப்பிள்ளை வீட்டார் சொன்னது இருக்கிறது, பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா சொன்னது இருக்கிறது, அவள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. என்னையும் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. என் பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட்டில் அங்க அடையாளம் என்ற இடத்தில் "இடது கன்னத்தில் ஒரு மச்சம்" என்று இன்னும் இருக்கிறது, அதை எடுத்துப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

அப்பளம் ஆறு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் இவர் தங்கச்சி மகன் பம்பாய் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், கூடவே கொஞ்சம் கூழ்வற்றலும். அந்தப் போட்டோவை என் பேத்தியிடம் காட்டினேன். எனக்கு அதைப் பார்த்ததும் உங்க அம்மா முகம்தான் வந்தது. அவர்களுக்கும் அதே இடத்தில்தானே இருந்தது கோமதி, மூக்குத்திக்குக் கொஞ்சம் கீழே.

உன்,
பேச்சி