தனியாக ஆலோசனைத் தொழில் தொடங்கிய நண்பனுக்கு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக நிதி ஆலோசனை அலுவலகம் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. மாதாமாதம் டார்கெட்டைத் துரத்தியவன் இனி எதிரே உட்கார்ந்திருப்பவருக்காக மட்டும் யோசிக்கலாம். இங்கே எல்லோரும் நலம். மூத்தவள் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள்.

வருகிறவர்கள் தலையாட்டுகிறார்கள், ஆனால் முழுக் கணக்கையும் காட்டுவதில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறாய். அவர்கள் செய்வதுதான் சரி. அமெரிக்காவில் முதலீட்டு நிறுவனம் நடத்திய பெர்னார்ட் மேடாஃபிடம் பணம் கொடுத்தவர்கள் எதையும் சரிபார்க்காமல் அவரை முழுதாக நம்பினார்கள். 2008 டிசம்பரில் அவர் கைதான பிறகுதான் பல ஆண்டுகளாக வந்த அறிக்கைகள் பொய் என்று தெரிந்தது. பணத்தை வைத்திருந்ததும், அறிக்கை அச்சிட்டு அனுப்பியதும் அவருடைய நிறுவனமே. ஆக, நம்பிக்கையை ஏமாற்றுக்காரனும் சம்பாதித்துவிடுவான். சரிபார்க்கும் வழியை மட்டும் அவன் திறந்துவைக்க மாட்டான். நீ அதைத்தான் முதலில் திறந்துவைக்க வேண்டும். வாடிக்கையாளர் பணம் ஒருநாளும் உன் கணக்கு வழியாகப் போகக் கூடாது. முதலீடு அவர் பெயரிலேயே, உனக்குச் சம்பந்தமில்லாத ஒரு நிறுவனத்தில் இருக்கட்டும். ஸ்டேட்மென்ட் அங்கிருந்து நேராக அவருக்குப் போகட்டும். நீ அனுப்பும் அறிக்கையை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி என்று முதல் முறை நீயே பக்கத்தில் உட்கார்ந்து காட்டு. பாஸ்வேர்டைத் தானாகக் கொடுத்தாலும் வாங்காதே.

அடுத்தது உன் கட்டணம். பலர் இதைத்தான் மென்று விழுங்குகிறார்கள். ‘ஒரு சதவீதம்தான்’ என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. கணக்கைப் போட்டுக் காட்டு: 10 லட்சத்தை ஆண்டுக்கு 8% வளர்ச்சியில் 30 ஆண்டு விட்டால் சுமார் 1 கோடி. ஆண்டுதோறும் உன் கட்டணமாக ஒரு சதவீதம் போய், அதே பணம் 7% வளர்ந்தால் சுமார் 76 லட்சம். அந்த ஒரு சதவீதம் கடைசித் தொகையில் கிட்டத்தட்ட கால் பங்கைத் தின்றுவிடுகிறது. இதை உன் வாயாலேயே சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக என்னென்ன செய்யப்போகிறாய் என்று எழுதிக் கொடு. ஆண்டுக்கு எத்தனை சந்திப்பு, வரி, காப்பீடு, உயில் இவற்றில் எது உன் பொறுப்பு, எது இல்லை என்பதெல்லாம் அதில் வரட்டும். ஏதாவது திட்டத்தில் உனக்குக் கமிஷன் உண்டென்றால் பரிந்துரைக்கும் அன்றே, தொகையாகவே சொல். பிறகு அவராகக் கண்டுபிடித்தால், நீ அதுவரை நல்லபடியாகச் சொன்னதெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகும். கடனை அடைப்பதுதான் லாபம் என்று கணக்கு காட்டினால், உன் வருமானம் குறைந்தாலும் அதையே சொல். உன் நலனுக்கு எதிராக நீ பேசுவதை ஒரு முறை பார்த்துவிட்டவர் அதை மறக்க மாட்டார்.

முதல் சந்திப்பில் எந்தத் திட்டத்தின் பெயரும் வர வேண்டாம். ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி அவர் பேசட்டும். எவ்வளவு சம்பளம் என்று தொடங்காதே. இந்தப் பணம் எதற்கு, எப்போது வேண்டும், யாரெல்லாம் உங்களை நம்பி இருக்கிறார்கள், முன்பு பணத்தில் எங்கே அடிபட்டீர்கள் என்று கேள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பாதி விஷயம் இருக்கும். கணவன், மனைவி இருவரையும் வரச் சொல். அதிகம் பேசாதவரைப் பார்த்தும் கேள்வி கேள். நீ ஒருவரோடு மட்டும் பழகியிருந்தால், அவருக்கு ஏதாவது ஆனபின் அந்தக் குடும்பத்துக்கு நீ அந்நியன். இரண்டு நாளுக்குள் ‘நீங்கள் சொன்னதாக நான் புரிந்துகொண்டது இது, தவறிருந்தால் திருத்துங்கள்’ என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பு. திருத்தம் வந்தால் சந்தோஷப்படு. அவர் உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

இனி, உறவு நிற்குமா உடையுமா என்று தெரியும் இடம்: பங்குச் சந்தைச் சரிவு. எவ்வளவு நஷ்டத்தைத் தாங்குவார் என்று கேட்கும் ரிஸ்க் படிவத்தை, சந்தை ஏறும்போது நிரப்பியிருந்தால் நம்பாதே. அப்போது எல்லோருக்கும் தைரியம் உண்டு. ‘30 சதவீதம் இறங்கினால் தாங்குவீர்களா’ என்பதை விட, ‘உங்கள் 20 லட்சம் 14 லட்சமாகத் தெரியும், என்ன செய்வீர்கள்’ என்று கேட்டால் உண்மையான பதில் வரும். 30% இறங்கியது பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 43% ஏற வேண்டும் என்பதையும் சொல். மனம் தாங்குவது வேறு, கணக்கு தாங்குவது வேறு. மூன்று ஆண்டில் வேண்டிய பணத்தை, அவர் எவ்வளவு துணிச்சல்காரராக இருந்தாலும், பங்குகளில் போடாதே.

‘சீக்கிரம் மீண்டுவிடும்’ என்று மட்டும் ஆறுதல் சொல்லாதே. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்டு கணக்கிடும் எஸ் அண்டு பி 500 குறியீடு 2020 பிப்ரவரி, மார்ச்சில் சுமார் 34% விழுந்து, ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தொட்டது. ஆனால் 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை சுமார் 57% விழுந்த அதே குறியீடு பழைய உச்சத்துக்கு வர 2013 ஆனது. இரண்டையும் சேர்த்தே காட்டு. எவ்வளவு இறங்கினால் என்ன செய்வோம், எதைத் தொட மாட்டோம், வீட்டுச் செலவுக்கான பணம் எங்கிருந்து வரும் என்று அமைதியான நாளிலேயே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சந்தை விழும் வாரத்தில் அவர் கூப்பிடும்வரை காத்திராமல் நீ முதலில் கூப்பிடு. அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசு. அவர் பயத்தை மறுத்துப் பேசாமல், முழுவதும் சொல்லி முடிக்க விடு.

மற்றவை சின்ன விஷயங்கள். வியாழக்கிழமை அனுப்புகிறேன் என்றால் வியாழக்கிழமை போய்ச் சேர வேண்டும். விடை தெரியாத கேள்விக்கு ‘பார்த்துச் சொல்கிறேன்’ போதும், ஆனால் எந்த நாளில் என்பதையும் சொல். ஆண்டுப் பரிசீலனையில் வருமான சதவீதத்தோடு தொடங்காதே. வீட்டில் இந்த வருடம் என்ன மாறியது என்று கேட்டுவிட்டு, இலக்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்பதைக் காட்டு. லாபத்தை வைத்து உன்னைப் புகழ்ந்து பழகியவர், நஷ்டம் வந்தாலும் உன்னையே காரணமாக்குவார்.

நீ வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கட்டண விவரத்தாளை எனக்கு ஒரு பிரதி அனுப்பு. தொழில் தெரியாத ஒருவர் ஒரே வாசிப்பில் புரிந்துகொள்வாரா என்று பார்த்து, இடறும் இடங்களில் கோடிட்டு அனுப்புகிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ரகு