காஜா இல்லாத பொத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கிலாந்தில் நீங்கள் குடிபோன பழைய வீட்டின் பரணில் கிடைத்த அந்தக் கையில்லாச் சட்டையின் படங்களைப் பார்த்தேன். சின்னப் பையனின் வெயிஸ்ட்கோட்டாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை அக்கா. அது குழந்தைகளின் உள்ளாடை. பெயர் லிபர்ட்டி பாடிஸ்.

முதல் படத்தில் எனக்கும் பிடிபடவில்லை. பையும் காலரும் இல்லை, உட்புறம் பஞ்சுபோல மெத்தென்று இருக்கிறது, சரி, குளிருக்குப் போடுவது என்பதோடு நின்றுவிட்டேன். மூன்றாவது படத்தில்தான் அந்தப் பொத்தான் கண்ணில் பட்டது. கீழ் ஓரத்தில் தனியாக ஒன்று, எதிரே காஜாவே இல்லை. காஜா இல்லாத இடத்தில் பொத்தான் எதற்கு? வேறொரு துணியை மாட்டத்தான். உள் நிக்கரையும் நீளக் காலுறையைப் பிடிக்கும் பட்டைகளையும் இப்படிப்பட்ட பொத்தான்களில் மாட்டுவார்கள். தோளிலிருந்து நேராக இறங்கும் நாடாக்களை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே தொங்கும் கனத்தில் துணி கிழியாமல் இழுவையைத் தோளுக்குக் கொண்டுபோவது அவைதான். எவ்வளவு யோசித்துத் தைத்திருக்கிறார்கள்!

பொத்தானை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கினால் ரப்பர். துவைத்த துணியை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழிந்த காலம் அது. கெட்டிப் பொத்தான் என்றால் உடைந்துவிடும்.

பெயருக்கு வருகிறேன். அதற்கு முன்பெல்லாம் சிறுமிகளுக்கும் விறைப்பான கச்சு கட்டிவிடுவார்கள். விளையாடுகிற வயதில் உடம்பை இறுக்கிக் கட்டுவதை நினைத்தாலே எனக்கு மனசு வலிக்கிறது. அந்தக் கட்டிலிருந்து விடுதலை என்பதால்தான் ‘லிபர்ட்டி’. மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரில் கச்சு தயாரித்துவந்த சிமிங்டன் கம்பெனி 1908-இல் இதைக் கொண்டுவந்தது. அப்புறம் பல தலைமுறைக் குழந்தைகள் இதைப் போட்டுத்தான் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இப்போது ஹார்பரோ அருங்காட்சியகம் இருக்கிறது, ஒருநாள் போய்வாருங்கள்.

தயவுசெய்து துவைக்க வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். பழைய ரப்பர் சூடு தாங்காது. அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி வையுங்கள். அதற்கு முன், கழுத்தின் உட்பக்கத்தைத் திருப்பி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். லேபிள் மிச்சமிருந்தால் யார் தைத்தது என்றும் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி