விருந்தாளி என்று எத்தனை வருஷம் சொல்வீர்கள்?

குடிவரவுக் கொள்கையை வகுக்கும் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். எங்காவது குண்டு வெடித்தால் நீங்கள் முதலில் ஓடுவது எல்லைக் கதவை இழுத்துச் சாத்தத்தான். ஆனால் 2005 ஜூலையில் லண்டனில் 52 பேரைக் கொன்ற நால்வரில் மூவர் பிரிட்டனிலேயே பிறந்தவர்கள். 2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவனும் அந்நாட்டுக்காரன்தான். குடியேறிகள் மீதான வெறுப்பில் ஊறியவன். இரண்டு வெறியும் உள்ளூர் விளைச்சல்.

ஜெர்மனி 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது. வைத்த பெயர் 'விருந்தாளித் தொழிலாளர்'. (விருந்தாளியைச் சுரங்கத்தில் இறக்கி வேலை வாங்குவது எந்த ஊர் உபசாரமோ!) எப்படியும் திரும்பிப் போய்விடுவார்கள் என்ற நினைப்பில் மொழி கற்றுத்தர அரசு பெரிதாக மெனக்கெடவில்லை. 1973இல் ஆளெடுப்பு நின்றது. இப்போது போனால் மறுபடி வர முடியாதே என்று பயந்த பலர் குடும்பத்தை அங்கேயே வரவழைத்துக்கொண்டார்கள். இப்படிக் குடியேறியவர்களுக்கு அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை, அதுவும் நிபந்தனைகளோடு, 2000இல்தான் கிடைத்தது. இதற்கு நடுவே, 1993இல் சோலிங்கன் நகரில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பெண்களும் சிறுமிகளுமாக 5 பேர் செத்துப்போனார்கள். தீ வைத்தவர்கள் இளவட்டங்கள். 'இவர்கள் நம்மவர் இல்லை' என்று அரசு முப்பது வருஷமாகச் சொல்லாமல் சொல்லிவந்தது அவர்கள் காதிலும் விழுந்திருக்கும்தானே?

சரி, வேலை கொடுத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. லண்டன் நால்வரில் ஒருவன் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் துணையாக வேலை பார்த்தவன். சம்பளம் வந்தது, மனம் எங்கோ விலகிப்போயிருந்தது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் காவல்துறையும் நகராட்சியும் சேர்ந்து, சிரியாப் போர்க்களத்திலிருந்து திரும்பிய இளைஞர்களோடு உட்கார்ந்து பேசின; குற்றம் செய்யாதவர்களுக்குப் படிப்பும் வேலையும் தேட உதவின. இளகிய மனம் என்று கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கென்னவோ, அதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தஞ்சம் கேட்டு வருபவருக்கு உண்டு, இல்லை என்று சீக்கிரம் சொல்லிவிடுங்கள். சுவிட்சர்லாந்தில் ஆராய்ந்து பார்த்ததில், முடிவுக்காகக் கூடுதலாகக் காத்திருந்த ஒவ்வொரு வருஷமும் பின்னாளில் வேலை கிடைக்கும் வாய்ப்பைக் குறைத்திருந்தது. காத்திருக்கும் நாட்களிலேயே வேலை செய்யவும் மொழி படிக்கவும் விடுங்கள். அப்புறம், அங்கேயே பிறந்த பிள்ளையிடம் 'உன் சொந்த நாடு எது?' என்று கேட்பதை உங்கள் மேடைகளிலாவது நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடியேறி