லிபரேட்டரை மறந்துட்டீங்களே

ஆசிரியர் சார், வணக்கம். போன ஞாயித்துக்கிழமை குண்டுவீச்சு விமானங்கள் பத்தி போட்டிருந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ரெண்டாம் உலகப்போர்ல ஓடுன அமெரிக்க குண்டுவீச்சு விமானம் பி-24 லிபரேட்டர் பத்தி ஒரு வரி கூட இல்ல, பெங்களூருல இருந்துக்கிட்டு இத எப்படி விட்டீங்கன்னு தெரியல. 1939 டிசம்பர்ல முதல்ல பறந்துச்சு, நாலு இன்ஜின், மொத்தம் 18,000க்கும் மேல செஞ்சாங்க, ஃபோர்டு ஃபேக்டரில உச்சத்துல மணிக்கு ஒண்ணு வெளிய வந்துச்சாம். குண்டு போடுற கதவு நம்ம மளிகைக்கடை ஷட்டர் மாதிரி பக்கவாட்டுல உருண்டு மேல போகும். ஜப்பான்காரங்க சயாமுக்கும் (இப்போ தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவுல போட்ட மரண ரயில்பாதை மேல குண்டு போட்டதுலயும் இது உண்டு, அந்தப் பாதை போட்டப்ப மலாயால இருந்து பிடிச்சுட்டுப்போன நம்ம தமிழாளுங்க எத்தன பேர் செத்தாங்க, அது தனிக் கதை.

போர் முடிஞ்சதும் பிரிட்டிஷ்காரங்க அவங்க வச்சிருந்த லிபரேட்டர்கள யாரும் ஓட்டக்கூடாதுன்னு கான்பூர்ல உடைச்சுப் போட்டுட்டுப் போனாங்க. அதுகள ஒட்டுப்போட்டு இங்க பெங்களூரு ஹெச்ஏஎல் விமான ஃபேக்டரிக்கு பறந்தே கொண்டாந்து சரிபண்ணினது நம்மாளுங்க, 1948ல ஏர்ஃபோர்ஸ்ல சேர்ந்து 1968 வரைக்கும் ஓடுச்சு. அடுத்த ஞாயிறு இதையும் போடுங்க சார்.

வாசகர், மாரத்தஹள்ளி, பெங்களூரு